ஒரே நாடுதானே, பக்கத்தில்தான் இருக்கும்

அன்புள்ள மகனுக்கு,

வழக்கமாக எல்லோரும் சௌக்கியம் என்று ஒரு வரி எழுதிவிட்டுத்தான் நான் சங்கதிக்கு வருவேன். இந்த முறை அந்த ஒரு வரியை எழுதக் கை வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, அப்பாவுக்கும் ஒன்றுமில்லை, பயப்படாதே. ஆனால் இந்த வாரம் முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அடுப்பில் பாலை வைத்தால் பொங்கி வழிந்த பிறகுதான் பார்க்கிறேன். யாராவது கூப்பிட்டால் திருதிருவென்று விழிக்கிறேன். உன் அப்பா, "இன்னா இது, பேயறைஞ்ச மாதிரி உக்காந்துனு இருக்க?" என்று கேட்டேவிட்டார். பேய் ஒன்றும் அறையவில்லை. மாடியில் தங்கியிருக்கிற வெள்ளைக்கார அம்மா பள்ளிக்கூட அட்லஸை என் முன்னால் விரித்து, பெர்த் எங்கே இருக்கிறது, சிட்னி எங்கே இருக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்டினார். அவ்வளவுதான்.

இதை உனக்கு மட்டும் எழுதவில்லை. ஜெராக்ஸ் எடுத்துக் கவிதாவுக்கு ஒன்று அனுப்புகிறேன். வேங்கிக்கால் சம்பந்தி வீட்டுக்கு இன்னொன்றை நானே கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். உன் பெண்டாட்டிக்கு எழுதியது உனக்குத் தெரியாது, உனக்கு எழுதியது அவளுக்குத் தெரியாது என்ற கதையே இனி வேண்டாம். இந்தக் கல்யாணத்தில் ஆளாளுக்கு எல்லாவற்றையும் மனசுக்குள் பூட்டி வைத்துக்கொண்டதால்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன். ஆடி பிறக்கப் போகிறது, உங்களுக்குத் தலை ஆடி. நீங்கள் இங்கே இருந்தால் சம்பந்தி வீட்டிலிருந்து சீரோடு வந்து பெண்ணை அழைத்துக்கொண்டு போயிருப்பார்கள். மாதம் முழுக்க அவள் வேங்கிக்காலில், நீ இங்கே. வெளிநாட்டில் இருக்கிறவர்களை எப்படிப் பிரித்து வைப்பது என்று எனக்கு ஒரே கவலை. அவளுக்கு அங்கே தாய்வீடு கிடையாது. ஆனால் சிட்னியில் வேலைக்காக ஒரு அறை வைத்திருக்கிறாளே, அது போதும். ஆடி முடிகிற வரைக்கும் சனி ஞாயிறு நீ அங்கே போகாதே, பெர்த்திலேயே இரு என்று போனில் உன்னிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். புதுமாப்பிள்ளைக்குக் கோபம் வருமே, எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்று ஒத்திகைகூடப் பார்த்து வைத்திருந்தேன். சிரிக்காதே.

மாடி அறைக்கு ஆனி மாதம் வந்தவர் ரூத் அம்மா. செங்கம் ரோட்டில் இருக்கிற நம் வீட்டு மாடியில் இத்தனை வருஷத்தில் எத்தனையோ நாட்டுக்காரர்கள் தங்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். பெர்த்திலிருந்து வந்தவர் இவர் ஒருவர்தான். அதனாலேயே எனக்கு அவர்மேல் ஒரு தனிப் பிரியம். உன் பெருமையைத் தினமும் அளந்துகொண்டிருந்தேன். அன்று காலை காபி கொடுக்கும்போது ஆடி சமாச்சாரத்தை எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளக்கினேன். புதுசாகக் கல்யாணம் ஆனவர்களை நாங்கள் இந்த மாதம் பிரித்து வைப்போம், மகன் உங்கள் ஊரில், மருமகள் சிட்னியில், அவன் பொறுக்கமாட்டாமல் சாயங்கால பஸ்ஸைப் பிடித்துப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடுவானோ என்றுதான் பயமாக இருக்கிறது என்றேன். ரூத் அம்மா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வீட்டில் மேப் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

நான் வேலை பார்த்த காலத்து அட்லஸ் பீரோவில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். ஒரு விரலை இடது ஓரத்தில் வைத்தார், இன்னொரு விரலை வலது ஓரத்தில் வைத்தார். நடுவில் ஒரு தேசமே கிடந்தது. பஸ்ஸில் போனால் நாள்கணக்கில் ஆகும், விமானத்திலேயே ஐந்து மணி நேரம் என்றார். மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல். நான் நம்பவில்லை. நீங்கள் வேறு ஏதோ ஊரைச் சொல்கிறீர்கள் என்றேன். அவர் பொறுமையாக, தன் தங்கை சிட்னியில் இருக்கிறாள், இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தரம்தான் பார்த்துக்கொள்கிறோம், பெர்த்திலிருந்து சிங்கப்பூர் போவதும் சிட்னி போவதும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று சொன்னார். அவர் மேலே போன பிறகு இந்தியா மேப்பைத் திருப்பிக் கணக்குப் போட்டேன். கன்னியாகுமரியில் கிளம்பி நேர்கோட்டில் போனால் காஷ்மீர் தாண்டியும் மிச்சம் இருக்கிறது.

ஒரு டீச்சர் செய்கிற தப்பா இது என்று நீ கேட்பாய். நானும் என்னைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அந்த அட்லஸில் தமிழ்நாட்டுக்கு ஒரு பக்கம், ஆஸ்திரேலியாவுக்கும் ஒரு பக்கம். இரண்டும் பார்க்க ஒரே அளவு. படத்தைப் பார்த்தால் போதாது, கீழே இருக்கிற அளவுகோலைப் பார் என்று வருஷா வருஷம் பிள்ளைகள் தலையில் குட்டியவள், சொந்தப் பிள்ளை கல்யாணத்துக்கு அதைப் பார்க்கவில்லை. பத்துப் பொருத்தம் பார்த்தோம். நாடி தட்டுகிறதா, ரஜ்ஜு தட்டுகிறதா என்று இரண்டு ஜோசியரிடம் போனோம். பொண்ணு உயரம் எவ்வளவு, பல் வரிசை எப்படி, குலதெய்வம் எது, எல்லாம் கேட்டாயிற்று. இவன் இருக்கிற ஊருக்கும் அவள் இருக்கிற ஊருக்கும் எவ்வளவு தூரம் என்று ஒருவர் கேட்க வேண்டுமே! பொண்ணு பார்க்கப் போன அன்று சம்பந்தி சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "ரெண்டு பேரும் ஆஸ்திரேலியாவுல இருக்காங்க. தேடினாலும் இப்படி அமையாதுங்க" என்றார். நான் உடனே, "அதானே, ஒரே நாடுதானே. பக்கத்துலதான் இருக்கும். அப்புறமா யாராச்சும் ஒருத்தர் டிரான்ஸ்பர் வாங்கினா போச்சு" என்றேன். அவர் ரெவின்யூவில் இருந்து ரிட்டையரான மனிதர், நான் ஸ்கூல் டீச்சர், உன் அப்பாவும் கலெக்டர் ஆபீஸ். எங்கள் மூன்று பேர் புத்திக்கும் உலகம் முழுக்க டிரான்ஸ்பரில்தான் ஓடுகிறது. கணவன் மனைவி ஒரே இடத்தில் என்று ஒரு மனு போட்டால் அந்த ஊர் அரசாங்கமும் கையெழுத்துப் போட்டுவிடும் என்று நினைத்துவிட்டோம். அதுவரைக்கும் வாராவாரம் நீ போய் வந்துகொண்டிருப்பாய் என்று என் கணக்கு. ஏனென்றால் நானும் உன் அப்பாவும் அப்படித்தான் குடும்பம் நடத்தினோம்.

அன்றே உனக்குப் போன் போட்டேன். நீ பதறிப்போய், அட அப்படியா என்று கேட்பாய் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன் பார், அதுதான் பெற்ற மனசு. அங்கேயே இருக்கிறவனுக்குத் தெரியாமல் இருக்குமா? "தெரியும்மா" என்றாய். சாதாரணமாகச் சொன்னாய். "அப்புறம் ஏண்டா சொல்லல?" என்றேன். "நீங்க கேக்கலியேம்மா. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். கொஞ்ச நாள்ல அவ வேலைய விட்டுட்டு இங்க வந்துடுவான்னு இருந்தேன்" என்றாய். அவளிடம் கேட்டாயா என்றதற்கு, இதெல்லாம் கேட்கவா வேண்டும், கல்யாணம் ஆனால் பெண்கள் வருவதுதானே என்று இழுத்தாய். ரூத் அம்மா அட்லஸைக் காட்டியபோதுகூட எனக்கு இவ்வளவு உறைக்கவில்லை. நான் வளர்த்த பிள்ளை பேசுகிற பேச்சா இது!

அப்புறம்தான் மீனம்பாக்கம் ஞாபகம் வந்து கேட்டேன். தை மாதம் நாங்கள் எல்லோரும் வேன் பிடித்து வந்து உங்களை வழியனுப்பினோமே. ஒரே வண்டியில் பெட்டியைத் தள்ளிக்கொண்டு, சேர்ந்து கையாட்டிவிட்டு உள்ளே போனீர்களே. சம்பந்தியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஜோடியா போறாங்க, இனிமே கவலயில்ல" என்றார்களே. சிங்கப்பூரில் இறங்கி, ஆளுக்கொரு காபி குடித்துவிட்டு, நீ ஒரு விமானம், அவள் ஒரு விமானம் என்று பிரிந்து போனீர்கள் என்பதை இந்தப் போனில்தான் தெரிந்துகொண்டேன். கல்யாணமாகிப் பத்து நாள்கூட ஆகாத பெண். நான் உங்கள் குடித்தனத்துக்கு என்று ஒரு குக்கர்தான் வாங்கிக் கட்டிக் கொடுத்தேன். அது யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன். "எங்கிட்டதாம்மா" என்றாய். போடா!

மறுநாள் அப்பாவையும் இழுத்துக்கொண்டு வேங்கிக்காலுக்குப் போனேன். சண்டை போடப் போகவில்லை. இப்படி ஒரு தப்பு நடந்துவிட்டது, உங்களுக்குத் தெரியுமா என்று கேட்கத்தான் போனேன். சம்பந்தி பேப்பரை மடித்து வைத்துவிட்டு நிதானமாக, "தூரம்னு தெரியும்ங்க. கவிதா சொல்லியிருக்கா. மாப்பிள்ள அங்கயே வந்துடுவாருன்னுதானே நாங்க இருக்கோம்" என்றார். யார் சொன்னது என்று கேட்டேன். "யாரும் சொல்லல. நீங்கதானே அன்னிக்கி யாராச்சும் ஒருத்தர் டிரான்ஸ்பர் வாங்கினா போச்சுன்னீங்க. அவ பெரிய ஆஸ்பத்திரி லேப்ல நிரந்தரமா இருக்கா. அவரு இஞ்சினியரு, எங்க போனாலும் வேல கெடைக்கும். அதனால அவரத்தான் சொல்றீங்கன்னு எடுத்துக்கிட்டோம்" என்றார். சம்பந்தியம்மா காபியை வைத்துவிட்டு, "எம்பொண்ணு அங்க தனியாத்தான் சமைச்சி சாப்புடுதா?" என்று என்னைக் கேட்டார்கள். இரண்டு வீட்டுக்காரர்களும் ஒரே வார்த்தையைக் கேட்டுவிட்டு, ஆளுக்கொரு அர்த்தம் செய்துகொண்டு, பந்தி போட்டு ஊரைக் கூட்டிச் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறோம்.

திரும்பி வரும்போது ஆட்டோ கலெக்டர் ஆபீஸைத் தாண்டுகையில் அப்பா தலையைத் திருப்பி அந்தக் கட்டிடத்தைப் பார்த்தார். ஏன் பார்த்தார் என்று எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. நீ சின்ன வயசில் சனிக்கிழமை அப்பா, சனிக்கிழமை அப்பா என்று அவரைக் கேலி செய்வாய். எனக்கு இங்கே பள்ளிக்கூடம், அவருக்கு ஆற்காட்டில் ஆபீஸ். ஆரணி, போளூர் வழியாக அந்த பஸ்ஸில் பாதி நாள் நின்றுகொண்டேதான் வருவார். வந்ததும் கால்கூடக் கழுவாமல் அப்படியே படுத்துத் தூங்கிவிடுவார். ஒரே மாவட்டம்தானே, நினைத்தபோது மாற்றல் வாங்கிக்கொள்ளலாம் என்று வருஷத்தைத் தள்ளிக்கொண்டே போனோம். 1989இல் மாவட்டத்தையே பிரித்துவிட்டார்கள். நம் ஊர் தனி மாவட்டம் ஆயிற்று என்று இங்கே வெடி வெடித்தார்கள். உன் அப்பா ஆற்காட்டில் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். பஸ் அதே பஸ், ரோடு அதே ரோடு, ஆனால் வேறு மாவட்டம். இனி மாற்றல் வேண்டுமானால் சீனியாரிட்டியை விட்டுவிட்டு, கடைசி ஆளாக வந்து சேர வேண்டும் என்றார்கள். என் கதையும் அதேதான், நான் போனாலும் அங்கே கடைசி ஆள். யார் போவது என்று நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. ஒரு நாள் புதன்கிழமை, டிரங்குப் பெட்டியோடு வந்து நின்றார். "இனிமே இங்கதான்" என்றார். சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிட்டார். அவரிடம் வேலை கற்றுக்கொண்ட பையன்கள் அவருக்கு மேலே போனார்கள். அவர்கள் கேட்கும் பைலை எடுத்துக் கொடுத்துக்கொண்டு, அந்தக் கட்டிடத்தில்தான் ரிட்டையராகிற வரைக்கும் வேலை பார்த்தார். அதை ஒரு தியாகம் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. நான் இப்போது சொல்வதைப் படித்துவிட்டு, இதெல்லாம் எதுக்கு எழுதற என்று திட்டினார். எழுதிவிட்டேன். எழுதியதை அடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

நேற்று கவிதா கூப்பிட்டாள். அவள் அப்பா விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. "அத்தை, அவரு மேல தப்பு சொல்ல நான் போன் பண்ணல" என்றுதான் ஆரம்பித்தாள். "தப்போ ரைட்டோ, நீ சொல்லும்மா" என்றேன். கல்யாணத்துக்குப் பிறகு அவள் உன்னைப் பார்க்க இரண்டு தரம் வந்தாளாமே. வெள்ளிக்கிழமை வேலையை முடித்துவிட்டு, லேப்பில் இருந்தே பையைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறினாளாம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஏறித் திங்கட்கிழமை விடிய இறங்கி, அப்படியே திரும்ப லேப்புக்குப் போனாளாம். ஒரே நாட்டில் அவள் கடிகாரம் ஒன்று, உன் கடிகாரம் ஒன்று. நீ சாப்பிட்டு முடித்து நிதானமாகப் போன் செய்கிற நேரத்துக்கு அவள் பாதித் தூக்கத்தில் இருக்கிறாளாம். அவன் அங்கே வரவில்லையா என்று கேட்டேன். "அவருக்கு வேல ஜாஸ்தி அத்தை" என்றாள். எத்தனை தரம் வந்தான் என்று கேட்டேன். லைன் போய்விட்டதோ என்று இரண்டு முறை ஹலோ ஹலோ என்றேன். லைன் போகவில்லை.

அப்புறம் அவளே பேச்சை மாற்றுவது போல ஒன்று சொன்னாள். எனக்கு இந்த வாரத்திலேயே பெரிய அதிர்ச்சி அதுதான். "நான் அங்க போறதுக்கு அஞ்சு மணி நேரம் ஆவுது அத்தை, திரும்பறப்ப நாலுதான்" என்றாள். எனக்கு விளங்கவில்லை. "அதெப்படிம்மா, ஒரே தூரந்தானே?" என்றேன். "தூரம் ஒண்ணுதான். மேல காத்து மேக்கேர்ந்து கெழக்கால அடிக்குது. நான் அங்க போறது எதிர்காத்து, அதான் ஜாஸ்தி. அவரு இங்க வர்றதுன்னா கம்மி" என்றாள். குறை சொல்கிற குரலே இல்லை. ரேடியோவில் வானிலை வாசிக்கிற மாதிரி சொன்னாள். கடைசியில், "இனிமே நான் அங்க போறதா இல்ல அத்தை. கோவத்துல சொல்லல. முடியல. அவரு வராரான்னு பாக்கறேன்" என்றாள். வரவில்லை என்றால் என்ன செய்வாய் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவளும் சொல்லவில்லை. டேய், அவள் சொல்லாமல் விட்டது உனக்குப் புரிகிறதா? எனக்குப் புரிந்தது. ஊரார் ஆடிக்கு ஒரு மாதம் பிரித்து வைத்து, அப்புறம் சேர்த்து வைப்பார்கள். நீ தையிலிருந்தே பிரித்து வைத்திருக்கிறாய், சேர்க்கிற நினைப்பே உனக்கு இல்லை.

மாமியார் என்றால் மகன் பக்கம்தான் பேச வேண்டும் என்று ஏதாவது சட்டம் இருந்தால் அதை என்மேல் போட்டுவிடாதே. கல்யாணத்துக்கு முன்னால் கேட்க வேண்டியதைக் கேட்காதது என் தப்பு. சம்பந்தியும் நானும் அதைப் பங்கு போட்டுக்கொள்கிறோம். ஆனால் தெரிந்திருந்தும் வாயைத் திறக்காமல், அவள் எப்படியும் வந்துவிடுவாள் என்று உட்கார்ந்திருந்தது உன் தப்பு, அதில் எனக்குப் பங்கு வேண்டாம். வேலையை நீ விடுவதா அவள் விடுவதா என்று இங்கே உட்கார்ந்துகொண்டு நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. உன் சுரங்கக் கம்பெனியும் எனக்குத் தெரியாது, அவள் லேப்பும் எனக்குத் தெரியாது. நீங்கள் இரண்டு பேரும் முகத்துக்கு முகம் பார்த்துப் பேசிக்கொள்ள வேண்டியது அது. போனில் பேசாதே. உனக்குப் போனில் "கேக்கலியே" என்றுதான் சொல்ல வரும். "மொதல்ல ஒரு தடவ போயி அவ ரூம்ல உக்காரச் சொல்லு, மத்ததெல்லாம் தன்னால பேச வரும்" என்கிறார் உன் அப்பா. இத்தனை நாளில் இந்த விஷயத்தில் அவர் வாயைத் திறந்து சொன்னது இது ஒன்றுதான். அந்த மனிதர் பேச்சையாவது கேள்.

ஆடி என்று பார்க்காதே. உங்களுக்கு ஆடியும் கிடையாது, ஆவணியும் கிடையாது. நானே சொல்கிறேன், கிளம்பு. இந்தக் கடிதம் கைக்குக் கிடைத்த வெள்ளிக்கிழமையே ஏறு. குக்கரையும் எடுத்துக்கொண்டு போ. தூரம் என்று என்னிடம் சொல்லாதே, அவளுக்கு ஆகிற நேரம்கூட உனக்கு ஆகாது. காற்று உன் முதுகுப் பக்கத்திலிருந்து அடிக்கிறது. திரும்பி வரும்போது எனக்கும் எதிர்காற்றுதானேம்மா என்று நீ கணக்குக் கேட்பாய், உன்னை எனக்குத் தெரியாதா? திரும்பி வருவதைப் பற்றி இப்போது யாரடா பேசினார்கள்?

உன் அம்மா